விடுன்னா என்ன அர்த்தம், மாப்பிள்ளை?

கழுத்தில் புது விசில் மாட்டிக்கொண்டு பையன்களுக்கும் பெண்களுக்கும் கால்பந்து சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பயிற்சியை எப்படி நடத்துவது, எத்தனை கூம்பு வைப்பது, எந்த வயதுக்கு எவ்வளவு ஓட்டம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால் அதை நான் பேசப் போவதில்லை. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது. ஓய்வு பெறும்வரை கத்தினேன். காது மூக்கு தொண்டை டாக்டர் என்னைப் பார்த்து, நீங்கள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தீர்களா என்று கேட்டார். அப்படிக் கத்தியதில் ஒரே ஒரு சொல் என் அணியையும் என் குடும்பத்தையும் என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் நான் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். குடியிருந்தது மாட்டுங்காவில். பூர்வீகம் பாலக்காடு, பம்பாய்க்கு வந்தது தாத்தா காலத்தில். வீட்டில் பேசுவது 'வாங்கோ, போங்கோ' தமிழ். பள்ளிக்கூடப் பையன்களோ திருநெல்வேலிச் சீமைக்காரர்களின் பிள்ளைகள். முதல் மாதம் அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. நான் பேசுவதைக் கேட்டு அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே தமிழ்தானே பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் தைரியமாக ஒரு அணி சேர்த்துவிட்டேன்.

அணியில் பாதிப் பேர் மீரான் பாயின் ஆட்கள். மீரான் பாய் என்பவர் தோல் பட்டறை முதலாளி. பெல்ட், பர்ஸ், ஆபீஸ் பை எல்லாம் அவரிடம் தயாராகும். அவருடைய தங்கை மகன்கள், கூட வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் என்று ஆறு பேர் வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் கைவேலைக்கு உட்காருவார்கள். போட்டிகள் நடப்பதோ ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆறு பேர் இல்லாவிட்டால் எனக்கு மிஞ்சுவது கபடி அணிகூட இல்லை. வேறு வழியில்லாமல் பாயைப் போய்ப் பார்த்தேன்.

மனிதர் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. நாற்காலி போட்டார், டீ சொன்னார், நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பந்து தோலில்தான் செய்கிறார்கள், அதைக் கையால் தைப்பவனுக்குச் சோறு உண்டு, காலால் உதைப்பவனுக்கு என்ன உண்டு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சரி சார், ஒண்ணு செய்வோம். ஜெயிக்கிற வரைக்கும் ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு. தோத்தா அதோட முடிஞ்சுது, அடுத்த ஞாயித்துக்கெழம பயலுவ வேலைக்கு வந்துரணும். பேச்சு மாறப்படாது, பாத்துக்கிடுங்க."

நாங்கள் பெயர் கொடுத்திருந்தது தோற்றால் வெளியே போகும் போட்டி. ஆகவே பாயின் கணக்கு அவருக்குச் சுத்தமாக இருந்தது: முதல் ஞாயிறே ஆட்டம் முடிந்துவிடும் என்று. என் கணக்கில் ஒரு தோல்வி என்றால் போட்டி மட்டும் போவதில்லை, அணியே போய்விடும். இதைப் பையன்களிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாயே சொல்லிவிட்டார்.

முதல் ஆட்டம் மாஹிமில். மழைக்காலம், மைதானம் முழுக்கச் சேறு. என் பையன்களில் பாதிப் பேருக்குக் காலில் ஒன்றும் கிடையாது. தோல் பட்டறைப் பிள்ளைகள் வெறுங்காலோடு வந்திருக்கிறார்களே என்று எதிரணிக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் இரண்டு கோல் போட்டு முன்னால் இருந்தோம். அப்போது எதிரணிக்காரன் ஒருவன் எங்கள் கோல் பக்கம் அடித்த பந்து குறி தவறி, கம்பத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரும் தொடாமல் இருந்தால் போதும், பந்து நமக்கு. பந்துக்குப் பக்கத்தில் நின்றவன் சுலைமான். பாயின் தங்கை மகன். முன்னால் ஆடுகிறவன், அன்று தடுப்பதற்குப் பின்னால் ஓடி வந்திருந்தான். நான் கோட்டோரம் ஓடிக்கொண்டே, "விடுடா, விடு" என்று கத்தினேன்.

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இருக்கும் பலத்தையெல்லாம் திரட்டிப் பந்தை ஓங்கி ஒரு உதை விட்டான். அது எங்கள் கோல்கீப்பரின் முதுகில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது. கோல்கீப்பர் பந்தால் அடி வாங்கியது போதாதென்று முதுகைத் தேய்த்துக்கொண்டே என்னிடமும் திட்டு வாங்கினான்.

இடைவேளையில் சுலைமானைப் பிடித்து உலுக்கினேன். விடுன்னுதானேடா கத்தினேன், காதிலே விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்துச்சே சார். அதான விட்டேன்."

மற்ற பையன்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் சுலைமான் செய்ததில் என்ன தப்பு என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். எங்கள் மாட்டுங்கா வீட்டில் விடு என்றால் தொடாதே, போனால் போகட்டும் என்று அர்த்தம். என் மனைவி ஒரு நாளைக்குப் பத்து தடவை 'விடுங்கோ, போறது' என்பாள். இந்தப் பையன்களுக்கோ விடு என்றால் அடி: ஒரு உதை விடு, ஓங்கி ஒன்று விடு. இருவர் அகராதியும் ஒன்றுதான், பக்கம்தான் வேறு.

எப்படியோ அந்த ஆட்டத்தை ஒரு கோல் வித்தியாசத்தில் பிழைத்தோம். அன்று சாயங்காலமே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பதினோரு பேரை என் தமிழுக்கு மாற்றுவதைவிட ஒருவன் அவர்கள் தமிழுக்கு மாறுவது சுலபம். இனிமேல் தொட வேண்டாத பந்துக்குத் 'தொடாதே'. கோலைப் பார்த்து அடிக்க வேண்டியதற்கு 'விடு'. இதைப் படிக்கும் உங்களில் பலர், பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை என்று குறைப்படுகிறீர்கள். பெரும்பாலும் கேட்கத்தான் செய்கிறார்கள். நாம் சொன்னதாக அவர்கள் காதில் விழுந்ததை அப்படியே செய்கிறார்கள்.

அதன் பிறகு ஏறுமுகம். மற்ற அணிகள் இந்தியும் மராட்டியும் பேசுகிறவை. நான் என்ன கத்தினாலும் அவர்களுக்குப் புரியாது. நான் 'விடு' என்றால் எங்கிருந்தாலும் சுலைமான் விடுவான். பாய் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, இந்தத் தடவையும் தோற்கவில்லையா சார் என்று ஒரு உடம்பு சரியில்லாதவரை விசாரிப்பதுபோல விசாரிப்பார்.

அரையிறுதிக்கு வந்தோம். எதிரணி எது என்று பட்டியலை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அணுசக்தி நகர்ப் பையன்கள். அவர்களுக்குக் கோச் என் மாமனார்.

அவர் அங்கே என்ஜினியர். எதையும் அளந்து செய்கிற மனிதர். அவருடைய பையன்கள் தனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எல்லோருக்கும் பளபளவென்று பூட்ஸ், எல்லோருக்கும் குளுக்கோஸ் தண்ணீர். பின்வரிசையில் ஆடுகிறவன் சீனு. என் மனைவிக்கு வெகு நாள் கழித்துப் பிறந்த தம்பி, எட்டாம் வகுப்பு. இதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போகிற போதெல்லாம் அந்தக் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் சீனுவுக்குப் பந்தாடச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வெளியே போகிற பந்தைத் தொடாதே, விடு, விடு என்று மணிக்கணக்கில் அவன் காதில் ஓதியிருந்தேன்.

அந்த வாரம் வீட்டில் என் மனைவி இரண்டு பக்கமும் பேசாமல் மிகவும் ஜாக்கிரதையாக நடந்துகொண்டாள். மாமனாரும் போனில் ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் மாமனார் கடிந்து ஒரு சொல் பேசுவது வழக்கமில்லை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் அன்று போனை வைப்பதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஜலதோஷம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஆட்டம் செம்பூரில். மழை தூறிக்கொண்டிருந்தது. இடைவேளைக்குப் பிறகு ஒரு டாக்ஸி வந்து நின்றது. குடையை விரித்துக்கொண்டு மீரான் பாய் இறங்கினார். நான் நெகிழ்ந்துபோய், ஆட்டம் பார்க்க வந்தீர்களா பாய் என்று ஓடினேன். அவர் இல்லை என்றார். பட்டறையில் ஒரு பெரிய ஆர்டர், ராத்திரிக்குள் முடிக்க வேண்டும். அணுசக்தி நகர்ப் பையன்கள் கெட்டிக்காரர்கள் என்று கேள்விப்பட்டாராம், எப்படியும் தோற்கத்தானே போகிறீர்கள், அடுத்த ஞாயிறு வரை எதற்கு, கையோடு கூட்டிப்போய்விடலாம் என்று வந்தாராம். டாக்ஸியைக்கூட அனுப்பவில்லை. குடையோடு வந்து கோட்டோரம் நின்றார்.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியும் நேரம். சுலைமானிடம் பந்து கிடைத்தது. முன்னால் சீனு, அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர். இப்போது அடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "விடு."

சுலைமான் விட்டான். ஆனால் சேற்றில் கால் வழுக்கி, பாதி உதை தரையில் போனது. பந்து ரேஷன் கடை வரிசை மாதிரி மெதுவாக நகர்ந்து சீனுவை நோக்கி வந்தது. ஒரு குழந்தைகூட அதைத் தடுத்திருக்கும். சீனு அதை உதைக்கக் காலைத் தூக்கினான். தூக்கிய காலை அப்படியே நிறுத்திக்கொண்டான். பந்து அவன் காலுக்குக் கீழே நுழைந்து போனது. சீனு அடித்துவிடுவான் என்று நம்பி நின்ற கோல்கீப்பரின் பக்கத்திலேயே போய்க் கோட்டைத் தாண்டி நின்றது.

என் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மாமனார் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். காலடியில் வந்த பந்தை ஏண்டா விட்டாய் என்று பிள்ளையைக் கேட்டார்.

சீனு அழுதுகொண்டே என் பக்கம் கையைக் காட்டினான். "அத்திம்பேர்தான்ப்பா விடுன்னார்."

உங்களுக்கு விதி தெரியும். எதிராளியை வாயால் ஏமாற்றிக் கோல் போட்டால் அது கோல் இல்லை. மாமனார் அதைத்தான் ரெஃப்ரியிடம் ஆங்கிலத்தில் வரிசையாக எடுத்துச் சொன்னார். இந்த ஆள் என் பையனைப் பந்தை விட்டுவிடச் சொன்னார், பையனும் விட்டுவிட்டான் என்றார். ரெஃப்ரி ஒரு கோவாக்காரர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. இந்தக் கோச் சொன்னால் உங்கள் பையன் ஏன் கேட்கிறான் என்று அவர் நியாயமாகக் கேட்டார். இவர் என் மாப்பிள்ளை என்றார் மாமனார். ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இது கால்பந்து வழக்கா, குடும்ப வழக்கா என்று கேட்டார்.

மாமனார் என்னிடம் திரும்பினார். குரலில் சர்க்கரை வழிந்தது. "தப்பா நெனச்சுக்கப்படாது. விடுன்னா என்ன அர்த்தம், மாப்பிள்ளை? நீங்களே சொல்லிடுங்கோ."

"அடின்னு அர்த்தம், மாமா."

"யாராத்துல?"

இதற்கு நான் என்ன சொல்ல? எங்கள் வீட்டிலும் இல்லை, அவர் வீட்டிலும் இல்லை. நான் சீனுவை ஏமாற்ற நினைக்கவே இல்லை. அந்த நிமிஷம் அவன் எதிரே நிற்பதே என் கண்ணில் படவில்லை. ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இந்த ஒரு கோல் போனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. அணுசக்தி நகர்ப் பையன்கள் இன்னும் தெம்பாக இருந்தார்கள், என்னுடையவர்கள் களைத்துத் தொங்கினார்கள். தோற்றால் டாக்ஸி தயாராக நிற்கிறது.

ரெஃப்ரி சொந்தக்காரர்கள் இருவர் பேச்சையும் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். இந்த பாஷை தெரிந்த வேறு பெரியவர் யாராவது உண்டா என்று சுற்றிப் பார்த்தார். மழையில் வேறு யார் நிற்பார்கள்? மீரான் பாய்தான் நின்றார்.

எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று என்றே தோன்றியது. விடு என்றால் தொடாதே என்று பாய் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோல் போய்விடும், பையன்கள் பெரும்பாலும் அவருக்குத்தான். அது பொய்யும் ஆகாது. ரெஃப்ரி அவரைக் கூப்பிட்டு, சாச்சா, விடு மத்லப் கியா, விடு என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

பாய் அவசரப்படவில்லை. தாடியைத் தடவினார். "விடு மத்லப் சோடோ," என்றார். இந்தியில் சோடோ என்றால் விட்டுவிடு.

மாமனார் நிம்மதியாக மூச்சு விட்டு, பாருங்கோ, பாயே சொல்லிட்டார் என்று என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் பாய்க்கு யாராவது குறுக்கே பேசினால் பிடிக்காது என்பது மாமனாருக்குத் தெரியாது. பாய் மாமனாரை ஏற இறங்கப் பார்த்தார். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று இந்தியில் சொன்னார். பிறகு சுலைமானைக் கூப்பிட்டுத் தன் முன்னால் நிற்க வைத்தார். குடையை மடக்கி அதன் கூர்முனையைச் சேற்றில் ஊன்றி, பட்டறையில் தோலின்மேல் வெட்டு அச்சைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டார். சத்தமே இல்லாமல், "விடு," என்றார்.

சுலைமானின் கை தானாக உயர்ந்தது. ஓங்கி ஒரு குத்து. குடை பாதிவரை சேற்றுக்குள் இறங்கி, கைப்பிடி இரண்டாகப் பிளந்தது.

ரெஃப்ரி இரண்டு அடி பின்னால் போய்விட்டார். பாய் உடைந்த கைப்பிடியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், முகத்தில் ஒரு பெருமை. அச்சு பிடிக்கிறவன் விடு என்றதும் சுத்தி பிடிக்கிறவன் அடிக்க வேண்டும். யோசித்தால் விரல் போய்விடும். இந்தப் பிள்ளைகள் கை வேலை பழகியதே இந்த ஒரு சொல்லில்தான். அதைப் பாதி இந்தியிலும் பாதி ஜாடையிலும் விளக்கினார். கடைசியில் மாமனாரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"ஒங்க வீட்டுல என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது சார். என் பட்டறைல விடுன்னா இதான். இந்தப் பயலுக்கு வேற விடு தெரியாது."

ரெஃப்ரி கோல் என்று விசில் ஊதினார். அணுசக்தி நகர்ப் பையன்கள் எஞ்சிய நேரமெல்லாம் எங்கள் கோலை முட்டிப் பார்த்தார்கள், நுழையவில்லை. பாய் டாக்ஸியில் தனியாகத் திரும்பிப் போனார். போகும்போதுதான் அவருக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக என்னை ஒரு முறை முறைத்தார்.

மாமனார் விஷயம் இன்னும் சிக்கலானது. அவர் என்னோடு சண்டை போடவில்லை. அடுத்த முறை விருந்துக்குப் போனபோது வழக்கத்தைவிடக் கூடுதலாக உபசரித்தார். மாமியார் மூன்றாவது தடவை பாயசம் ஊற்ற வந்தபோது நான் கையை நீட்டித் தடுத்தேன். மாமனார் உடனே, மாப்பிள்ளைக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள், அவர் பாஷை நமக்குப் புரியாது என்றார். அவர் சாகும்வரை என் எதிரில் அந்தச் சொல்லை உபயோகிக்கவில்லை. சீனு இன்று ஒரு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான். யார் என்ன சொன்னாலும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வானாம். நல்ல குணம்தான், என்னிடமிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இறுதி ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். சும்மா இல்லை, ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். என் கத்தல் எந்த பாஷையிலும் எடுபடவில்லை. கடைசி விசில் ஊதியதும் பையன்கள் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் முகத்தை நேராகப் பார்க்கத் தெம்பில்லை. ஒரு பருவம் முழுக்க ஓட வைத்துவிட்டு, இனி ஓட வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கோச்சை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேரையும் நானே பட்டறைக்கு அழைத்துப் போனேன். பேச்சு மாறப்படாது. அவர்களாகவே போயிருப்பார்கள், ஆனாலும் கொடுத்த வாக்கைக் கொடுத்தவன் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய மச்சான்மார் இரண்டு பேர் தூக்கம் கலையாத முகத்தோடு தோல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று, சொன்னபடி கூட்டி வந்துவிட்டேன் பாய், வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பாய் பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எத்தனை கோல் என்று சுலைமானிடம் கேட்டார். அவன் ஐந்து விரலைக் காட்டினான். பாய்க்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"தோத்தா வேலைக்கு வரணும்னு சொன்னேன், சரிதான். என்ன வேலைன்னு சொன்னேனா? அஞ்சு கோல் வாங்குன பயலுவளுக்கு இங்க என்ன வேல? இவன்வளப் பந்துக்கு ஓட்டிட்டுப் போங்க சார், மணி ஆவுது."